பூண்டுப் பரணும் பாலக்காட்டு மணி ஐயரும்

மன்னவனூரில் எங்கள் பழைய வீட்டு அடுப்பங்கரைக்கு இன்னமும் பூண்டுப் புகை வாசம். ஆள் குடியில்லாமல் பூட்டிக் கிடந்தும் அந்த வாசம் போகவில்லை. போன மழைக்கு ஓடு நகர்ந்து ஒழுக ஆரம்பித்ததால், பரணை இறக்கிவிட்டுக் கூரையைச் சரிபண்ணலாம் என்று அண்ணன் மகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எங்கள் மலையில் பூண்டைத் தாளோடு பிடுங்கி, கட்டுக்கட்டாக முடிந்து, விறகடுப்புக்கு மேலே தொங்கவிடுவார்கள். புகை ஏற ஏற அது மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அப்பத்தா இருந்திருந்தால், "இதுக்கெல்லாமா பட்டயம் குடுக்குறாங்க?" என்று கேட்டிருப்பார்.

பரண் மூலையில் ஒரு பிஸ்கட் டப்பா. மேலெல்லாம் கரி. உள்ளே பழைய ரசீது, நிலப் பத்திரம் ஏதாவது இருக்கும் என்று திறந்தால் ஒரு கேசட். அட்டையில் சித்தப்பாவின் சாய்ந்த எழுத்து: 'மைக்கேல் மதன காமராஜன் – திருவிழா'. அண்ணன் மகன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான் அப்படியே அடுப்புத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கேசட் கடையில் வாங்கியதல்ல, சித்தப்பாவே பதிவு செய்தது. அந்தக் காலத்தில் மன்னவனூரில் சினிமாக் கொட்டகை கிடையாது. கொடைக்கானலுக்கே முப்பத்தைந்து கிலோமீட்டர், பூம்பாறை வழியாக வளைந்து வளைந்து வரவேண்டும். படம் பார்க்க வேண்டுமென்றால் மலையிறங்கி வத்தலக்குண்டுக்கோ பழனிக்கோ போகிற கல்யாணக் கூட்டத்தோடு தொற்றிக்கொள்ள வேண்டும். கொடைக்கானலில் தூர்தர்ஷன் கோபுரம் வந்தபோது கீழே மதுரைச் சீமையெல்லாம் ஆன்டெனாவை எங்கள் மலையைப் பார்த்துத் திருப்பி வைத்தது. எங்களுக்கோ கோபுரத்துக்கும் ஊருக்கும் நடுவில் இன்னொரு மலை. யூக்கலிப்டஸ் கம்பத்தின் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டி, ஒருவர் கீழே நின்று திருப்ப, ஒருவர் வாசலில் நின்று "வருது... வருது... போச்சு" என்று கத்த, உள்ளே திரையில் புள்ளி புள்ளியாக யாரோ நடமாடுவார்கள்.

ஆகவே ஊருக்குப் படம் என்பது திருவிழாவுக்கு வீடியோ டெக் எடுத்துப் போடுவதுதான். கொடைக்கானலில் வாடகைக்கு எடுத்த கலர் டி.வி.யைக் கம்பளியில் சுற்றி, பஸ்ஸில் கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். சாவடிக்கு முன்னால் மேசை போட்டு, அதன்மேல் டி.வி., டெக், ஸ்டெபிலைசர் எல்லாம் வைப்பார்கள். மலைக்குளிர் இறங்க இறங்க ஆளாளுக்குக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். குமரிகள் ஒரு பக்கம், கிழவிகள் முன்வரிசை. கும்பூரிலிருந்தும் கீழானவயலிலிருந்தும் தீப்பந்தமும் டார்ச்சுமாக நடந்து வந்தவர்கள் பின்னால் நிற்பார்கள். அந்த வருடத் திருவிழாவுக்கு வந்த படம் 'மைக்கேல் மதன காமராஜன்'. ஒரு தடவை பார்த்தால் திரும்ப எப்போது பார்ப்போமோ என்று சித்தப்பா தன் டேப் ரிக்கார்டரை டி.வி.க்கு அருகில் வைத்து, நாடா தீரும்வரை படத்தை ஒலியாகப் பிடித்து வைத்தார். டேப் ரிக்கார்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எங்கள் அப்பத்தா.

கேசட்டைக் கேட்கப் பெரிய பாடாகிவிட்டது. கடைசியில் கொடைக்கானலில் ரேடியோ பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர், நாடாவைப் பஞ்சால் துடைத்து, பென்சிலால் சுற்றி இறுக்கி, தன் பழைய செட்டில் போட்டுக் காட்டினார். முதலில் வெறும் காற்று. பிறகு நாய்க் குரைப்பு. அப்புறம் ஊரே சிரிக்கிற சத்தம். வசனத்தைவிடச் சிரிப்புத்தான் அதிகம் பதிவாகியிருந்தது. கமல்ஹாசனின் குரலைக்கூட அந்த இரைச்சலில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு குரல் மட்டும் உடனே பிடிபட்டது. லேசாக மூக்கோடு சேர்ந்து, வாக்கியத்தின் கடைசியில் கொஞ்சம் உயர்ந்து, பிறருக்குப் பாதியும் தனக்குத்தானே பாதியுமாகப் பேசுகிற குரல். டெல்லி கணேஷ். பாலக்காட்டுச் சமையல்காரர் மணி ஐயர்.

கல்யாணச் சாம்பாரில் மீன் விழுந்துவிடுகிற அந்தக் காட்சி வந்தது. ஊர் சிரித்துப் புரள்கிறது. அதற்கு நடுவில், மைக்குக்கு ஒட்டினாற்போல, அப்பத்தாவின் குரல்: "பாவம்டீ அந்தச் சமையக்கார மனுசன்... பந்தியில பேரு கெட்டுப்போச்சுன்னா நாளைக்கு அவர எவன் கூப்புடுவான்?"

கடைக்காரப் பெரியவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் நாடாவைக் கொஞ்சம் பின்னால் ஓட்டி இன்னொரு தடவை போடச் சொன்னேன்.

அப்பத்தா சொன்னதில் ஒரு பெரிய சங்கதி இருப்பதாக எனக்கு இப்போது தோன்றுகிறது. அவர் வாழ்நாளில் பார்த்த படங்கள் ரொம்பக் கொஞ்சம். யார் கதாநாயகன், ஒரே ஆள் எப்படி நாலு ஆளாக வருகிறார் என்பதெல்லாம் அவருக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை. ஆனால் அந்தச் சமையல்காரர் படுகிற பாடு மட்டும் நிஜம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டிலேயே ஒரு சமையல்காரர் உண்டு. என் தாய்மாமா மலைமுழுக்கக் கல்யாணச் சமையலுக்குப் போய்வந்தவர். முதல் பந்தி எழுந்திருக்கும்வரை அவர் வாயில் பச்சைத்தண்ணீர் படாது. அந்தக் கவலையை அப்பத்தா வீட்டில் பார்த்துப் பழகியவர். திரையிலும் அதே கவலையைக் கண்டுபிடித்துவிட்டார்.

நாலு பிள்ளைகள் நாலு திசையில் வளர்கிற கதை அது. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கி, கிரேசி மோகன் வசனம் எழுதி, 1990 தீபாவளிக்கு வந்தது. நாலு பேரில் காமேஸ்வரனை எடுத்து வளர்க்கிறவர் மணி ஐயர். அந்த அப்பா வேடத்தில் டெல்லி கணேஷ் சிரிப்பு மூட்டுவதற்காக எதையும் தனியாகச் செய்யவே இல்லை என்பது என் எண்ணம். மகன் கெட்டிக்காரன், ஆனால் வெள்ளந்தி. தொழிலோ பேர் போனால் வராத தொழில். வயிற்றில் எப்போதும் ஒரு பயம். அந்தப் பயத்தோடு அவர் பேசுகிறார், அவ்வளவுதான். நகைச்சுவைக் காட்சியில் எல்லோரும் வேடிக்கை செய்துகொண்டிருந்தால் சிரிப்பு வராது. யாராவது ஒருவர் அங்கே நடப்பதை முழுசாக நம்பிப் பதறவேண்டும். அந்த ஒருவராக வாழ்நாள் முழுக்க நின்றவர் அவர்.

இத்தனைக்கும் அவர் பாலக்காட்டுக்காரர் இல்லை. தாமிரபரணிக் கரை வல்லநாட்டில் 1944 ஆகஸ்ட் 1ஆம் தேதி பிறந்தவர். நெல்லைச் சீமைப் பேச்சு ஊறிய நாக்கு பாலக்காட்டுத் தமிழுக்கு மாறியிருக்கிறது. அதற்கு முன்னால் இன்னொரு பெரிய மாற்றம். 1964இல் விமானப்படையில் சேர்ந்து பத்து ஆண்டு வேலை பார்த்தார். தில்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நாடகம் நடித்தார். பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட 'டெல்லி'க்கு அதுதான் காரணம். அந்தப் பெயரைச் சூட்டியவர் கே. பாலசந்தர். விசுவின் நாடகத்தைப் படமாக்கிய 'பட்டினப்பிரவேசம்' வழியாக 1977இல் அவர் சினிமாவுக்குள் வந்தபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அதன்பிறகு நானூறு படங்களுக்கு மேல்.

எங்கள் ஊருக்கு அவர் முகம் வருவதற்கு முன்னாலேயே குரல் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் வானொலியில் ஒலிச்சித்திரம் போடுவார்கள். ஒரு முழுப் படத்தைச் சுருக்கி ஒலியாக மட்டும் தருவது. இன்றைக்குப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள், நாங்கள் பல படங்களைக் காதால்தான் பார்த்தோம். உருளைக்கிழங்கு தோண்டுகிற காலத்தில் வரப்பில் ரேடியோவை வைத்துவிட்டு, பையன்களும் பெண்டுகளுமாக வேலை பார்த்துக்கொண்டே கேட்போம். வசனம் வரும்போது மண்வெட்டிச் சத்தம் குறையும். பாட்டு வந்தால் மறுபடி கூடும். கதாநாயகன் கதாநாயகி முகங்களை தினத்தந்தி விளம்பரத்தில் பார்த்திருப்போம். மற்றவர்களுக்கு நாங்களே முகம் கொடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

'சிந்து பைரவி'யை அப்படித்தான் கேட்டேன். 1985இல் வந்த படம், எங்கள் வரப்புக்கு எப்போது வந்ததோ தெரியாது. குடித்துவிட்டு வந்த மிருதங்கக்காரர் குருமூர்த்தியை (டெல்லி கணேஷ்தான்) பாடகர் ஜே.கே.பி. விரட்டுகிறார். அப்புறம் அந்த ஜே.கே.பி.யே குடிக்கு அடிமையாகி விழுகிறார். வரப்பில் உட்கார்ந்து கேட்ட எனக்கு மேடையும் தெரியாது, சபாவும் தெரியாது. ஆனால் வேலை போன மனிதனின் தழுதழுப்பு தெரிந்தது. அந்தக் குரலுக்கு நான் கொடுத்த முகம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் முகம். பின்னாளில் படத்தைப் பார்த்தபோது முகம் வேறாக இருந்தது, ஆனால் உடனே பழகிவிட்டது. குரல்தான் ஏற்கனவே வீட்டு ஆளாகிவிட்டதே.

குரலால் மட்டுமே அவர் நடித்த படங்களும் உண்டு. பாலசந்தரின் '47 நாட்கள்' படத்தில் சிரஞ்சீவிக்குத் தமிழ் பேசியது டெல்லி கணேஷ்தான். பிறர் உதட்டசைவுக்குள் புகுந்து பேசுகிற வேலை அது. அதில் தேர்ந்தவருக்கு ஒரு வாக்கியத்தில் எங்கே மூச்சு விடவேண்டும், எங்கே விழுங்கவேண்டும் என்பதெல்லாம் கைவந்துவிடும். மணி ஐயர் ஒரு வார்த்தையைப் பாதியில் நிறுத்திவிட்டு மகனைப் பார்க்கிற இடங்களில் அந்தக் கைப்பழக்கம் தெரியும்.

அவருக்கு மூத்தவரான பூர்ணம் விஸ்வநாதனும் தில்லியிலிருந்து குரலோடு வந்தவர்தான். அகில இந்திய வானொலியின் தில்லி நிலையத்தில் தமிழ்ச் செய்தி வாசித்தவர், 1947இல் விடுதலைச் செய்தியைத் தமிழில் வாசித்தவர் என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். டைப்பிஸ்ட் கோபு, காத்தாடி ராமமூர்த்தி, நீலு என்று நாடக மேடையில் பழகி வந்த அந்த வரிசைக்கே ஒரு பொதுக் குணம் உண்டு. சபாவில் கடைசி நாற்காலிவரை குரல் போகவேண்டும், ஆனால் கத்தக்கூடாது. எங்கள் வரப்பு ரேடியோவுக்கு அந்தக் குரல்கள் தெளிவாக வந்து சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் ஊருக்கும் சினிமா வந்தது, வேறு ரூபத்தில். மன்னவனூர்ப் புல்வெளியை இப்போது படங்களில் பார்க்கிறவர்கள் வெளிநாடு என்கிறார்கள். எங்களுக்கு அது ஆட்டுப்பண்ணை மேடு. மத்திய செம்மறி ஆடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிறுவனம் 1965இல் இங்கே தென்மண்டல நிலையம் தொடங்கியது. பாரத் மெரினோ ஆடுகள் அந்த மேட்டில் மேய்வதைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஏரிக்கரையில் வேனும் ஜெனரேட்டரும் நின்றால் ஷூட்டிங் என்று அர்த்தம். பையைக்கூட வீட்டில் வைக்காமல் ஓடுவோம்.

ஒரு சாயங்காலம் நன்றாக நினைவிருக்கிறது. பெரிய நடிகருக்காக யூனிட் முழுக்கக் காத்திருந்தது. ஓரத்தில் நாலைந்து பேர் மெல்லிய சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள், காட்சியில் அப்படித்தான் உடையாம். அவர்களில் ஒருவர் படங்களில் சிரிப்பு வேடத்தில் வருகிறவர். முகம் எல்லோருக்கும் தெரியும், பெயர் யாருக்கும் தெரியவில்லை. பனி இறங்கியதும் அவருக்குப் பல் தந்தியடிக்க ஆரம்பித்துவிட்டது. விறகுக்கட்டோடு அந்த வழியாக வந்த அப்பத்தா சுமையை இறக்கி வைத்துவிட்டு, தன் கம்பளியை எடுத்து அவர் தோளில் போட்டார். "போத்திக்கங்க அய்யா, இந்தப் பனிக்கு ஊர்க்காரங்களே தாங்க மாட்டோம்." அவர் எழுந்து நின்று கும்பிட்டார். "அம்மா, சட்டை கசங்குனா கன்டினியூட்டி போயிரும்னு திட்டுவாங்க. ஆனாலும் பரவால்ல" என்று சொல்லி நன்றாக இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

எங்களைப் பக்கத்தில் கூப்பிட்டுப் பேர் கேட்டார். எந்தப் படத்தில் பார்த்தீர்கள், என்ன வேடம் என்று கேட்டார். ஒருத்தன் அவரைப் போலவே நடந்து காட்டினான். ரொம்ப நேரம் சிரித்தார். பேட்டா, கால்ஷீட் என்ற சொற்களையெல்லாம் நான் முதலில் கேட்டது அங்கேதான். மூன்று நாள் கால்ஷீட்டில் இரண்டு நாள் காத்திருப்பிலேயே போய்விட்டது என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று "ஷாட் ரெடி" என்று கூப்பிட்டார்கள். கம்பளியை நாலாக மடித்து அப்பத்தா கையில் கொடுத்துவிட்டு ஓடினார்.

சேற்றில் வழுக்கி விழவேண்டும், அதுதான் காட்சி. விழுந்தார். சரியில்லை என்றார்கள். துடைத்துவிட்டு மறுபடி விழுந்தார். பெரிய நடிகர் சிரிக்க வேண்டிய நேரத்தில் வேறெங்கோ பார்த்துவிட்டார், மறுபடி. ஒவ்வொரு தடவையும் இப்போதுதான் முதல்முறை வழுக்குகிறவர் மாதிரியே அந்தக் காலை நீட்டினார். எங்களோடு பேசியபோது இருந்த நடுக்கம் கேமரா ஓடுகிற நேரத்தில் அவர் உடம்பில் இல்லை. எப்படி அடக்கினாரோ. வெளிச்சம் போனபிறகு வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பின்னாளில் அந்தப் படம் டி.வி.யில் வந்தபோது வீடே உட்கார்ந்து பார்த்தோம். அவர் விழுவது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துபோயிற்று. அப்பத்தாவுக்கு ஆற்றாமை. "அவ்வளவு நேரம் விழுந்தாரே, அந்த மனுசன்" என்று அன்று ராத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

துணை நடிகர் என்று நாம் சுலபமாகச் சொல்கிற வேலைக்குள் இருக்கும் உழைப்பை நான் பார்த்தது அந்த மேட்டில்தான். டெல்லி கணேஷைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் அந்தப் பெயர் தெரியாதவரும் கூடவே வருகிறார். ஓமக்குச்சி நரசிம்மன், உசிலைமணி, தயிர்வடை தேசிகன், குமரிமுத்து என்று எத்தனையோ பேர். சிலருக்கு உடம்பே அடையாளம், சிலருக்குச் சிரிப்பே அடையாளம், ஒரு பண்டத்தின் பெயரே சிலருக்குப் பட்டமாகிவிட்டது. அதில் அவர்களுக்குப் பிழைப்பும் இருந்தது, கட்டும் இருந்தது. ஒல்லியானவர் கடைசிவரை ஒல்லியாகவே வந்து போகவேண்டும். டெல்லி கணேஷுக்கு அப்படித் துருத்திக்கொண்டு நிற்கிற அடையாளம் எதுவும் இல்லை. பக்கத்து வீட்டு மனிதர் மாதிரி இருப்பார். அதனால் எந்த வீட்டுக்குள்ளும் நுழைய முடிந்தது.

'நாயகன்' படத்தில் வேலு நாயக்கருக்கு இந்தி தெரியாது, ஐயராக வரும் டெல்லி கணேஷ்தான் மொழிபெயர்த்துச் சொல்வார். அந்த ஐயர் போலீஸிடம் அடிபட்டும் நாயக்கருக்கு விசுவாசமாக நிற்பதைப் பார்த்துவிட்டு, 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் அவரே வில்லன்களில் ஒருவராக வந்தபோது எங்களூரில் ஏற்றுக்கொள்ளவே இல்லை. "இவரு எப்படிம்மா கெட்டவரா இருப்பாரு?" என்று எங்கள் வீட்டில் சண்டையே நடந்தது. 'அவ்வை சண்முகி'யில் ஜெமினி கணேசனின் காரியதரிசி சேதுராம ஐயர். 'தெனாலி'யில் டாக்டர் பஞ்சபூதம். 'தெனாலி' எங்களுக்குத் தனிச் சொந்தம், கதையே கொடைக்கானலுக்கு வந்துவிடும். ஏரியும் பைன் மரமும் திரையில் வந்தபோது, பஸ்ஸில் போய்வரும்போது பார்க்கிற இடங்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டோம். சக மருத்துவர்மேல் பொறாமையில் வெந்துபோகிற அந்த டாக்டர் வேடத்தையும் அவர் கோமாளித்தனமாகச் செய்யவில்லை. தன் தொழிலில் இன்னொருவன் முந்திவிட்டானே என்று உள்ளூரப் புழுங்குகிற ஆளை அப்படியே காட்டினார்.

தாய்மாமா ஒரு விஷயம் சொல்வார். தூர்தர்ஷனில் செவ்வாய்க்கிழமை நாடகம் வருகிற காலத்திலிருந்தே அவர் நடிகர்களைக் கையை வைத்துத்தான் எடைபோடுவார். "மூஞ்சியால பொய் சொல்லிரலாம், கை சொல்லாது" என்பது அவர் கட்சி. படத்தில் கரண்டி பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் பேனா பிடிக்கிற மாதிரிப் பிடிப்பார்களாம். கல்யாண அண்டாவில் கிண்டுகிறவனுக்குக் கரண்டி தோளிலிருந்து வரவேண்டும், இடுப்பு சேர்ந்து அசையவேண்டும். மணி ஐயரைப் பார்த்துவிட்டு, "இந்தாளு நாலு கல்யாணத்துலயாச்சும் நின்னு பாத்திருக்கணும்" என்றார். மாமா வாயிலிருந்து ஒரு நடிகருக்குக் கிடைத்த பாராட்டு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். டெக் எடுத்த அந்தத் திருவிழாவுக்குப் பிறகு கொஞ்ச காலம் ஊர்ப்பிள்ளைகள் மாமாவை 'மணி ஐயரே' என்று கூப்பிட்டார்கள். அவர் முறைத்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்.

பிற்பாடு தனியார் சேனல்கள் வந்தன. ஊரில் டிஷ் வந்தபிறகு நடுவில் நின்ற மலை ஒரு பொருட்டில்லாமல் போயிற்று. ராத்திரித் தொடர்களில் டெல்லி கணேஷ் அப்பாவாக, மாமனாராக வர ஆரம்பித்தார். சினிமாவில் சில நிமிஷம் வந்துபோனவர் இப்போது தினமும் வீட்டுக்கு வருகிறார். அம்மா அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு, "அவர் வந்துட்டாரா பாரு" என்பார். பெயர் சொல்லமாட்டார். வேலைவெட்டி முடித்து வருகிற வீட்டுப் பெரியவரைச் சொல்கிற மாதிரி 'அவர்'. இன்னொரு பக்கம் நகைச்சுவைச் சேனல்களில் பழைய காட்சிகள் துண்டுதுண்டாக ஓடின. மீன் விழுந்த சாம்பார் ஒரு நாளைக்கு எத்தனை தடவை வந்ததோ. அந்தத் துண்டுகளில் முன்னும் பின்னும் இல்லாததால் அவருடைய பயம் எதற்கென்று தெரியாமல் போய்விடுகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. வளர்த்த மகனைப் பற்றிய கவலை முதலிலிருந்து ஊறி ஊறி வந்தால்தான் பந்தியில் அந்தப் பதற்றம் நெஞ்சைத் தொடும். துண்டில் சிரிப்பு மட்டும் மிஞ்சுகிறது.

எழுபது வயதுக்கு மேல் இளைஞர்களின் குறும்படங்களில் நடித்தார். சம்பளம் பெரிதாக இருந்திருக்க முடியாது. புதிதாகக் கேமரா பிடிக்கிற பிள்ளைகளுக்கு அவரைப் போன்ற ஒருவர் சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தாலே காட்சிக்கு ஒரு வீட்டுத்தன்மை வந்துவிடும். அந்தப் பிள்ளைகளுக்கு அவர் கொடுத்த நாட்கள் என் கண்ணில் பெரிய கொடை. 2024இல் வந்த 'இந்தியன் 2'வரை திரையில் இருந்தார்.

அதே ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி இரவு சென்னையில் காலமானார். எண்பது வயது. மறுநாள் காலையில் எனக்கு ஊரிலிருந்து போன் வந்தது, பேசியது தாய்மாமா. அவருக்கும் இப்போது தள்ளாமை. கரண்டியைப் பிள்ளைகளிடம் கொடுத்து வருடங்களாகிவிட்டன. "தாயி, மணி ஐயர் போயிட்டாராம்ல" என்றார். ஏதோ தன் செட்டில் வேலைபார்த்தவரைப் பற்றிச் சொல்கிற மாதிரி. விமானப்படையினர் வந்து மரியாதை செய்ததை டி.வி.யில் காட்டியபோதுதான் மாமாவுக்கு அவர் பட்டாளத்துக்காரர் என்பதே தெரிந்தது. மறுபடி கூப்பிட்டு, "அதான் அந்த ஒழுங்கு" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

அண்ணன் மகனுக்கு டெல்லி கணேஷ் போனில் வருகிற காமெடித் துண்டுகளின் மனிதர். கேசட்டைப் போனில் ஏற்றிக்கொண்டு வந்த ராத்திரி, அவனோடு உட்கார்ந்து 'பசி' படத்தைப் போடச் சொன்னேன். 1979இல் துரை இயக்கிய படம். ஷோபாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. அவருடைய அப்பாவாக, ரிக்‌ஷா இழுக்கிறவராக டெல்லி கணேஷ். மாநில அரசின் சிறப்புப் பரிசு அவருக்கு அந்த வேடத்துக்காகத்தான் கிடைத்தது. பிறகு 1993–94ஆம் ஆண்டுக்கான கலைமாமணியும் வந்தது. ஆனால் அதிகம் பேர் பார்க்காத அந்த ரிக்‌ஷாக்காரர் வேடத்தைத்தான் நான் அவருடைய பெரிய வேலைகளில் முதலில் வைப்பேன். சினிமாவுக்கு வந்து இரண்டு வருடத்திலேயே ஒரு ஆள் இவ்வளவு தூரம் போயிருக்கிறார்.

அவன் சிரிப்புக்குத் தயாராக உட்கார்ந்தவன், கொஞ்ச நேரத்தில் கால்களை மடக்கி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். இடைவேளை வரைக்கும் பேசவில்லை.

"அத்தை, இவருதானா அவரு? இதுல காமெடியே பண்ணலையே?"

"அதுல மட்டும் பண்ணாரா? நல்லாப் பாரு" என்றேன்.

படம் முடிந்து வெகுநேரம் தூங்காமல் கிடந்தவன், மறுநாள் அவனாகவே தேடி 'சிந்து பைரவி'யைப் போட்டான். ஜனகராஜ் வந்ததும் சத்தமாகச் சிரித்தான். நானும் சிரித்தேன், அவரும் பெரிய நடிகர்தான். கச்சேரிக் காட்சி வந்ததும் அவன் தோளைத் தட்டி, "பாடுறவரை அப்புறம் பாத்துக்கலாம், பக்கத்துல மிருதங்கத்தோட உக்காந்திருக்காரு பாரு, அவரைப் பாரு" என்றேன்.